வெயில் காயுது, தண்ணீர் மட்டும் ஏறவில்லை: பால் கூடத்துச் சோலார் வெந்நீர்க் கோளாறுகள், அறிகுறி வாரியாக

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தினமும் 500 லிட்டர், 1000 லிட்டர் என்று பால் காய்ச்சிப் பாக்கெட் போடும் சிறு கூடங்கள் சிலவற்றுக்கு நான்தான் சோலார் வெந்நீர் வேலை பார்க்கிறேன். போன் வந்தால் பெரும்பாலும் ஒரே பேச்சுதான்: “அண்ணா, வெயில் நெருப்பா காயுது, தண்ணி மட்டும் ஏறல. பேனல் போயிடுச்சு போல.” போய்ப் பார்த்தால் பேனல் நன்றாகவே இருக்கும். சூடு உண்டாகியிருக்கும், கூரையிலிருந்து பாலுக்கு வந்து சேரும் வழியில் எங்கோ காணாமல் போயிருக்கும். அது எங்கே போனது என்று தேடும் வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமைப்பு எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான். கூரையில் பேனல், அது எஃப்பிசி என்கிற தட்டைப் பேனலாகவோ, நடுவே காற்று நீக்கிய இரட்டைக் கண்ணாடிக் குழாய்களான வேக்குவம் டியூபாகவோ இருக்கும். தண்ணீரைச் சுற்றிவிட ஒரு சின்ன பம்ப், அதை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு கன்ட்ரோலர். கவசம் போட்ட வெந்நீர் டேங்க். அங்கிருந்து, பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் பாஸ்சரைசருக்கு ஒரு குழாய், கேன் கழுவ ஒன்று, பாய்லருக்குள் போகும் தண்ணீரை முன்கூட்டியே சூடாக்க ஒன்று. வெயில் போதாத நாளைக்கு விறகு பாய்லரோ கரண்ட் ஹீட்டரோ பின்னால் நிற்கும்.

ஏணியை எடுக்கும் முன்

ஒரு நல்ல தெர்மாமீட்டர் வாங்குங்கள். குழாயில் மாட்டியிருக்கும் வட்ட மீட்டரை நம்பி நான் இரண்டு நாள் வீணாக்கியிருக்கிறேன். அது 12 டிகிரி குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் நம் ஊரில் 100 காட்டாது. தருமபுரி உயரத்துக்குத் தண்ணீர் 98க்கும் 99க்கும் நடுவே கொதிக்கும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் மேலே இருப்பதால் அங்கே 97 பக்கம்தான். “தெர்மாமீட்டர் மூணு டிகிரி கம்மியா காட்டுது” என்று ஓசூரில் ஒருவர் அதைத் தூக்கிப் போட்டார், பாவம், அது சரியான தெர்மாமீட்டர்.

பிறகு நண்பகல் ஒரு மணி சுமாருக்கு, நல்ல வெயிலில், மூன்று இடத்தில் அளந்து சுவரில் எழுதுங்கள். பேனலை விட்டு வெளியே வரும் குழாய் ஒன்று. டேங்கின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் இரண்டாவது. பாஸ்சரைசருக்குள் போகும் வெந்நீர் மூன்றாவது, அது திரும்பி வரும்போது எவ்வளவு என்பதையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். முதல் இடத்திலேயே சூடு இல்லையென்றால் ஏணியை எடுக்கலாம். பேனலில் இருக்கிறது, டேங்கில் இல்லை என்றால் பம்ப், வால்வு, காற்று இவற்றில் ஒன்று. டேங்கில் இருக்கிறது, பாலுக்கு வரவில்லை என்றால் இடைக் குழாயோ, வெந்நீரின் சூட்டைப் பாலுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரோ. மூன்றிலும் சரியாக இருந்து பால் மட்டும் ஏறவில்லை என்றால் கோளாறே இல்லை, கணக்குதான் உதைக்கிறது. அதற்குக் கீழே வருகிறேன்.

அறிகுறி: சாயங்காலம் 75 இருந்த டேங்க், விடியும்போது 50

நல்ல டேங்க் ஒரு ராத்திரியில் ஐந்தாறு டிகிரி இழப்பது சகஜம். மார்கழியில், ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கக் குளிரில், இன்னும் ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்ளலாம். பத்துக்கு மேல் போனால் தேட வேண்டும்.

முதலில் செய்வது செலவில்லாத சோதனை. ராத்திரி ஒன்பது மணிக்குக் கூரைக்குப் போய், பேனலுக்கும் டேங்குக்கும் நடுவே ஓடும் குழாயைக் கையால் தொடுங்கள். பம்ப் நின்று இரண்டு மணி நேரமாகியும் குழாய் வெதுவெதுப்பாக இருந்தால், டேங்கின் சூடு திருட்டுத்தனமாகப் பேனலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பகலில் வெயிலை வாங்கித் தந்த பேனலே ராத்திரியில் வானத்துக்குச் சூட்டைத் தானம் செய்யும். காரணம் பெரும்பாலும், தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் என்ஆர்வி வால்வு. அதன் நாக்கில் ஓர் உப்புத் துணுக்கு ஒட்டியிருந்தால் போதும், முழுதாக மூடாது. கழற்றித் துடைத்து மாட்டினால் தீர்ந்தது. பம்ப் இல்லாமல் தானாகவே தண்ணீர் சுற்றும் வகை என்றால், டேங்கின் அடி பேனலின் தலையைவிட ஓர் அடியாவது உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இட நெருக்கடியில் டேங்கைக் கீழே இறக்கி வைத்த கூடங்களில் இந்தத் தொல்லை ஓயாது.

குழாய் குளிர்ந்திருந்தால் டேங்கின் கவசத்தைப் பாருங்கள். கிளாஸ் வூல் சுற்றி மேலே தகரம் போட்டிருப்பார்கள். தகரத்தின் மடிப்பில் ஐப்பசி மழை இறங்கி வூல் ஊறிவிட்டால், அது கவசமாக இல்லாமல் ஈரக் கம்பளியாகிவிடும். அடியில் தட்டினால் சொதசொதவென்று சத்தம் வரும். காய வைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

இன்னொன்று, ராத்திரி வாட்ச்மேன் குளிக்கிறாரா என்று கேளுங்கள். சிரிக்காதீர்கள். வெந்நீர் எடுத்த அளவுக்குப் பச்சைத் தண்ணீர் உள்ளே இறங்கும்.

அறிகுறி: நடுப்பகல் வெயிலிலும் பேனல் தண்ணீர் 55ஐத் தாண்டவில்லை

தூசியில் தொடங்குங்கள். கிருஷ்ணகிரியைச் சுற்றிக் கிரானைட் குவாரிகள், மாங்காய் சீசனில் மண் ரோட்டில் இடைவிடாமல் வண்டிகள். பதினைந்து நாள் விட்டால் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம். கழுவுவது வெயில் ஏறும் முன், காலை ஆறு ஆறரைக்குள். நண்பகலில் கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் அடித்தால் விரிசல்தான் பரிசு. போர் தண்ணீரில் கழுவினால் துணியால் துடைத்து எடுங்கள். இல்லையென்றால் காய்ந்த பிறகு உப்புப் புள்ளி தூசியைவிட மோசமாக நிற்கும்.

வேக்குவம் டியூப் என்றால் ஒவ்வொரு டியூபின் மூடிய முனையையும் பாருங்கள். வெள்ளிக் கண்ணாடி மாதிரி மின்னினால் அது உயிரோடு இருக்கிறது. பால் நிறத்தில் வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. இன்னொரு சோதனையும் உண்டு. நல்ல டியூபின் வெளிக் கண்ணாடி, உள்ளே தண்ணீர் 80 இருந்தாலும், தொட்டால் சுடாது. சுட்டால் அது போன டியூப். இருபதில் இரண்டு போயிருந்தால் அவசரம் இல்லை, ஆறு போயிருந்தால் மாற்றுங்கள். புது டியூபை நண்பகலில் மாட்டித் தண்ணீர் திறக்க வேண்டாம். வெறும் டியூப் வெயிலில் நூறைத் தாண்டிச் சூடேறியிருக்கும், பச்சைத் தண்ணீர் பட்டதும் வெடிக்கும். கோணிப்பை போட்டு மூடி வைத்து, மறுநாள் விடியலில் நிரப்புங்கள்.

நிழலும் ஒரு காரணம். சூரியன் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் இருபது வாக்கில் வரை நம் தலைக்கு வடக்கே சாய்ந்திருக்கும், மார்கழியில் நன்றாகத் தெற்கே இறங்கிவிடும். மே மாதம் வந்து “நிழலே இல்லை” என்று சொல்லிப் பேனல் மாட்டிப் போன இடத்தில், டிசம்பரில் தெற்குப் பக்கத்துப் புளியமரம் பத்து மணி வரை பேனலை மூடியிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பம்ப் வைத்த அமைப்பில் பேனலுக்குள் போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் நிறைய சொல்லும். நல்ல வெயிலில் எட்டிலிருந்து பத்து டிகிரி இருந்தால் சரி. இருபது இருபத்தைந்து இருந்தால் தண்ணீர் போதுமான வேகத்தில் ஓடவில்லை. பேனல் கொதிக்கும், டேங்க் காத்திருக்கும். குப்பையைப் பிடிக்கும் வலையான ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கும், அல்லது உப்பு. வித்தியாசம் இரண்டு மூன்றுதான் என்றால் தண்ணீர் பறக்கிறது, அல்லது பேனல் நிஜமாகவே சோர்ந்துவிட்டது. 2 சதுர மீட்டர் பேனல் ஒன்றுக்கு மணிக்கு 100 லிட்டர் ஓட்டம் என்பது என் கைக்கணக்கு.

ஒரு வரிசை சுட்டு, அடுத்த வரிசை பச்சையாக இருந்தால் காற்று. தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் காற்று பிரிந்து மேட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். காதை வைத்தால் களக் களக் என்று கேட்கும். வரிசையின் உச்சியில் ஏர் வென்ட் இருக்கிறதா, அதன் வாய் உப்பால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பாக்கி ஒரு பால் வால்வு விஷயம். இந்தப் பால் வால்வுக்கும் கறக்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை, உள்ளே உருண்டை இருக்கிற வால்வு. கைப்பிடி திறந்த மாதிரி நிற்கும், உள்ளே தண்டு தேய்ந்து உருண்டை மூடியே இருக்கும். இதற்காக ஒரு முறை பேனலையே கழற்றியிருக்கிறேன், வெட்கத்தோடு சொல்கிறேன்.

அறிகுறி: மாதத்துக்கு மாதம் ஓட்டம் குறைகிறது

இதுதான் நம் மாவட்டங்களின் சொந்த வியாதி. தருமபுரி, கிருஷ்ணகிரி தண்ணீர் என்றாலே எல்லோரும் ஃப்ளோரைடு என்பார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆனால் குழாயை அடைப்பது ஃப்ளோரைடு இல்லை. கால்சியம், மெக்னீசியம் உப்புகள். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், சூடு ஏற ஏறப் பிரிந்து சுண்ணாம்பாகப் படியும். 60 டிகிரிக்கு மேல் வேகம் பிடிக்கும். ஆக, சோலார் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவு சீக்கிரம் தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும்.

பென்னாகரம் பக்கம் ஒரு கூடத்தில் அமைத்துக் கொடுத்தவர்கள் “சாஃப்ட்னர் எல்லாம் வேண்டாம், டிடிஎஸ் பரவாயில்லை” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். சாஃப்ட்னர் என்பது கல்லாகப் படியும் உப்பைத் தண்ணீரிலிருந்து எடுக்கும் கருவி, டிடிஎஸ் என்பது கரைந்திருக்கும் மொத்த உப்பு. இரண்டரை வருடம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். பேனலிலிருந்து டேங்குக்கு வரும் ஓர் அங்குலக் குழாயை அறுத்தேன். உள்ளே பழுப்பு வெள்ளையாக, மரத்தின் வளையம் மாதிரி அடுக்கடுக்கான கல். நடுவில் பென்சில் போகிற அளவு ஓட்டை. அந்தத் துண்டை இன்னும் வண்டியில் வைத்திருக்கிறேன். சாஃப்ட்னர் எதற்கு என்று கேட்பவர்களின் கையில் அதைக் கொடுத்துவிடுவேன், பேச வேண்டியதில்லை.

டிடிஎஸ் மீட்டரை நம்பி முடிவெடுக்காதீர்கள். அது மொத்த உப்பைக் காட்டும், அதில் கல்லாகப் படிகிற உப்பு எவ்வளவு என்று சொல்லாது. கேட்க வேண்டியது கடினத்தன்மை, அதாவது கால்சியம், மெக்னீசியம் உப்பு எவ்வளவு என்பது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் இல்லையென்றால் 600 வரை அனுமதி. ஆனால் அது குடிக்கிறவர்களுக்கு. பேனலுக்கு 200 என்பதே எனக்குப் பிடிக்காத எண்.

இருக்கிற கல்லை எடுக்க சிட்ரிக் ஆசிட் போதும். 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ, 50 டிகிரி சூட்டில், தனி பம்ப் வைத்து இரண்டு மூன்று மணி நேரம் சுற்றவிடுங்கள். காற்று வெளியேற வழி திறந்திருக்கட்டும், நுரைத்துக்கொண்டு வாயு வரும். நுரை நின்றால் ஒன்று கல் தீர்ந்திருக்கிறது, அல்லது ஆசிட் தீர்ந்திருக்கிறது. பிஹெச் தாளை நனைத்துப் பார்த்தால் எது என்று தெரியும். கல் கெட்டியாக இருந்தால் சல்ஃபாமிக் ஆசிட், ஆனால் அதை 60க்கு மேல் சூடாக்கக் கூடாது. அது கந்தக அமிலமாக மாறி, வேறொரு கரையாத கல்லை உண்டாக்கிவிடும். பாத்ரூம் கழுவும் ஆசிடைத் தொடவே வேண்டாம். அதிலுள்ள குளோரைடு எஸ்எஸ் 304 எவர்சில்வர் டேங்கின் வெல்டிங்கை ஊசி ஊசியாகத் துளைக்கும். எந்த ஆசிடும் பிளீச்சிங் பவுடரோடு சேரக் கூடாது. குளோரின் வாயு வரும், மூடிய அறை என்றால் ஆளே போய்விடுவார். முடிந்ததும் சோடா கரைசலால் அமிலத்தை முறித்துச் சாக்கடையில் விட்டு, உள்ளே போகும் தண்ணீரின் பிஹெச்சும் வெளியே வருவதும் ஒன்றாகும் வரை அலசுங்கள்.

நிரந்தர வழி, பேனல் சுற்றை மூடிய சுற்றாக ஆக்குவது. ஒரு முறை நிரப்பிய மென்னீரே பேனலில் சுற்றும், ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாக டேங்குக்குச் சூட்டைக் கொடுக்கும். இதற்கு உறைவுத் தடுப்புத் திரவம் வேண்டும் என்று விற்க வருவார்கள். தளியில்கூடப் பேனல் உறையாது. பாலுக்குப் பக்கத்தில் தேவையில்லாத ரசாயனம் எதற்கு? வெறும் மென்னீரே போதும்.

அறிகுறி: டேங்க் 75 காட்டுகிறது, பால் 58க்கு மேல் ஏறவில்லை

கணக்கு உதைக்கும் இடம் என்றேனே, அது இதுதான்.

500 லிட்டர் பாலை 30 டிகிரியிலிருந்து 63க்கு ஏற்ற ஏறத்தாழ 18 யூனிட் சூடு வேண்டும். கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். 1000 லிட்டர் டேங்க் 75லிருந்து 65க்கு இறங்கும்போது தருவது 11 யூனிட் சொச்சம். 65க்குக் கீழே போன தண்ணீர், பாலை 63க்குத் தள்ளப் பிரயாசைப்படும், பெரும்பாலும் தோற்கும். ஆக டேங்க் “சூடாக” இருக்கிறது, ஆனால் போதுமான சூடு அதில் இல்லை. அதே டேங்க் 80லிருந்து தொடங்கி 64 வரை இறங்கினால்தான் 18 யூனிட் தேறும், அதுவும் வழியில் ஒன்றும் போகாவிட்டால். 2 சதுர மீட்டர் பேனல் ஒன்று நல்ல நாளில் 5 யூனிட் தந்தால் சந்தோஷப்படுங்கள். நான்கு பேனல் வைத்துக்கொண்டு இரண்டு வேளைப் பாலையும் ஏற்ற நினைப்பது ஆசை.

காரிமங்கலம் பக்கத்து முதலாளி ஒருவர், பால் குளிரூட்டும் பல்க் கூலர் வாங்கிய மாதத்திலிருந்து சோலார் கெட்டுப்போனதாகச் சொன்னார். சோலார் அப்படியேதான் இருந்தது. முன்பு கறந்த சூடு ஆறாமல் 32, 33 டிகிரியில் வந்த பால், இப்போது கூலரிலிருந்து 4 டிகிரியில் வருகிறது. அதே 500 லிட்டருக்கு 17 யூனிட் இருந்தது 33 யூனிட் ஆகிவிட்டது. காய்ச்சிய பாலின் சூட்டை உள்ளே வரும் குளிர்ந்த பாலுக்கே கொடுக்கும் ரீஜெனரேஷன் பகுதியைப் பாஸ்சரைசரில் சேர்த்த பிறகுதான் மூச்சு விட்டார்.

கணக்கு சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் பாஸ்சரைசருக்குள் போகும் வெந்நீரையும் திரும்பும் வெந்நீரையும் பாருங்கள். 75ல் போய் 72ல் திரும்பினால் சூடு பாலுக்குள் இறங்கவில்லை. ஒரு பக்கம் நம் ஊர் சுண்ணாம்பு, மறு பக்கம் பால் படிந்து இறுகிய பால் கல். பால் கல் உண்டாவது பெரும்பாலும் பேராசையால். மதியம் 88 டிகிரி வெந்நீர் சும்மா கிடைக்கிறதே என்று நேராக ஜாக்கெட்டில், அதாவது பால் தொட்டியைச் சுற்றியுள்ள வெந்நீர் உறையில், விடுவார்கள். சுவரை ஒட்டிய பால் கருகிப் படியும், அடுத்த நாள் அதே படிவம் சூட்டைத் தடுக்கும். பாலைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் தண்ணீர் கூடுதலாக இருக்க வேண்டும். கலவை வால்வு வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான ஒன்று. ஒரு தொட்டிப் பாலை மொத்தமாகச் சூடாக்கும் பேட்ச் முறையில் 63 டிகிரியில் 30 நிமிடம் தொடர்ந்து நிற்க வேண்டும். இருபதாவது நிமிடம் மேகம் வந்து, டேங்க் சோர்ந்து, பால் 61க்கு இறங்கினால், மறுபடி 63 வந்ததும் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து. மீதி பத்து நிமிடம் என்று கணக்குப் போடக் கூடாது. தொடர் ஓட்ட இயந்திரத்தில் 72 டிகிரி 15 வினாடி, அங்கே குறைந்தால் பாலைத் திருப்பி அனுப்பும் வால்வு தானாக வேலை செய்யும். பேட்ச் தொட்டியில் அந்த வால்வு நீங்கள்தான். சந்தேகமிருந்தால், பால் போதுமான அளவு சூடானதா என்று காட்டும் பாஸ்பேட்டேஸ் சோதனை செய்யாமல் பாக்கெட் போடாதீர்கள்.

அறிகுறி: கழுவக் கழுவத் தொட்டியில் வெள்ளைப் படலம்

வெந்நீர் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகு வரும் கோளாறு இது. பால் இறக்கியதும் முதல் அலசலையே 75 டிகிரித் தண்ணீரில் செய்வார்கள், சுத்தமாகட்டும் என்று. பால் புரதம் சுவரிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும். முதல் அலசல் வெதுவெதுப்பாக, 40 டிகிரி போதும். அப்புறம் காஸ்டிக் சோடா 1லிருந்து 1.5 சதவீதம், 70 – 75 டிகிரியில். அப்புறம் அலசல், தேவையான நாளில் நைட்ரிக் ஆசிட், கடைசியில் நல்ல தண்ணீர்.

காஸ்டிக் செதிலை முன்பு பச்சைத் தண்ணீரில் கரைத்துப் பிறகு சூடாக்குவார்கள். இப்போது பக்கெட்டில் சோலார் வெந்நீரைப் பிடித்து அதில் கொட்டுகிறார்கள். கரையும்போது அதுவே சூடு கக்கும் பொருள். வெந்நீரில் போட்டால் பொங்கித் தெறித்து முகத்துக்கு வரும். பச்சைத் தண்ணீர் பக்கெட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் செதிலைப் போட்டுக் கரைத்து, பிறகு தொட்டியில் சேருங்கள். கண்ணாடி, கையுறை இல்லாமல் வேண்டாம்.

அறிகுறி: லாக்டோமீட்டர் இறங்குகிறது, அல்லது வெந்நீர் டேங்கில் புளித்த வாடை

பால்காரரைச் சந்தேகப்படும் முன் உங்கள் ஜாக்கெட்டைச் சந்தேகப்படுங்கள். காய்ச்சும் முன்னும் காய்ச்சிய பின்னும், பால் ஒரே சூட்டுக்கு ஆறியதும், பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரைப் போட்டுப் பாருங்கள். பின்னது குறைந்தால் வெந்நீர் பாலுக்குள் கசிகிறது. டேங்க் தண்ணீர் கலங்கி வெளுத்து வாடை வந்தால் கசிவு மறு திசையில். பால் பக்கத்தைக் காலி செய்து துடைத்துவிட்டு, வெந்நீரைச் சுற்றவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்டிங் ஓரத்திலோ பிளேட் கேஸ்கட்டிலோ ஒரு சொட்டு உருளும். எம்சீல் வைத்து ஒப்பேற்றும் இடம் இது இல்லை. அன்றைய பால் விற்பனைக்கு இல்லை, தொட்டி வெல்டருக்குப் போகிறது.

அறிகுறி: பம்ப் ராத்திரியிலும் ஓடுகிறது, அல்லது நிமிடத்துக்கு ஒரு முறை நின்று நின்று ஓடுகிறது

பேனல், டேங்கைவிட 8 டிகிரி கூடினால் பம்ப் ஓட வேண்டும், 3 டிகிரிக்கு இறங்கினால் நிற்க வேண்டும். இரண்டு எண்ணையும் நெருக்கமாக வைத்திருந்தால் துடிக்கும். ராத்திரியில் ஓடினால் சென்சார் வயரை எலி கடித்திருக்கும், அல்லது பேனல் சென்சார் கூட்டிலிருந்து நழுவித் தகரத்தில் கிடக்கும்.

அறிகுறி: வென்டில் தண்ணீர் கக்குகிறது, குழாய் அதிர்கிறது

நண்பகலில் கரண்ட் போய்ப் பம்ப் நின்றால் பேனலுக்குள் தண்ணீர் கொதித்து ஆவியாகும். அந்த நேரத்தில் வால்வு எதையும் திறக்கவோ மூடவோ வேண்டாம், துணி போட்டுப் பேனலை மூடிவிட்டுக் காத்திருங்கள். பம்புக்கு மட்டும் ஒரு சின்ன இன்வெர்ட்டர் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அறிகுறி: பால்கோவா கொதிக்கவில்லை

கொதிக்காது. கூரைப் பேனலின் வேலை அது இல்லை, அதற்கு ஆவி வேண்டும். மகாராஷ்டிரத்தின் லாத்தூரில் மகானந்த் பால் பண்ணைக்கு வெயிலை ஓரிடத்தில் குவிக்கும் 160 சதுர மீட்டர் ‘அருண்’ டிஷ் வைத்தார்கள், அது வேறு வகை, வேறு செலவு. நாம் பாய்லருக்குள் 30 டிகிரித் தண்ணீருக்குப் பதில் 70 டிகிரித் தண்ணீர் அனுப்பி விறகை மிச்சப்படுத்தலாம், அவ்வளவே.

அறிகுறி: எல்லாம் சரியாக ஓடுகிறது, விறகு மட்டும் குறையவில்லை

பாலக்கோடு பக்கம் ஒரு கூடத்தில் இதற்காக மூன்று முறை போனேன். பேனல் பளிச்சென்று இருந்தது, ஓட்டம் சரி, டேங்க் எப்போது பார்த்தாலும் 80. விறகு லோடு மட்டும் பழையபடி. நான்காவது முறை விடியற்காலை நாலு மணிக்கே போய் உட்கார்ந்தேன். நாலேகாலுக்குப் பாய்லர் அண்ணன் வந்தார், தீ மூட்டினார், சுருள் குழாயான காயில் வழியாகச் சோலார் டேங்கையே 80க்கு ஏற்றினார். ஏழு மணிக்குச் சூரியன் வந்து பார்த்தால் டேங்கில் இடமில்லை. பேனல் 88ஐத் தொட்டால்தான் கன்ட்ரோலர் பம்பை ஓட்டும், அது பதினோரு மணிக்கு மேல்தான் நடக்கும். பகல் முழுக்க வெயில் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

“ஏண்ணா, நேத்து சாயந்தரம் டேங்க் 76 இருந்துச்சே, இப்பவும் எழுபது இருக்குமே, பார்த்தீங்களா?” என்றேன்.

“தண்ணி சூடா இல்லன்னா முதலாளி என்னையத்தான் கேப்பாரு. சோலாரையா கேப்பாரு?”

அவர் சொன்னதில் தப்பில்லை. மீட்டர் இருந்ததோ கூரையில். நாலு மணி இருட்டில் அந்த வயதில் ஏணி ஏறச் சொல்ல முடியுமா? இரண்டு வேலை செய்தோம். பாய்லரின் காயிலைச் சோலார் டேங்கிலிருந்து கழற்றி, அதற்கு அடுத்து 200 லிட்டர் சின்ன டேங்க் ஒன்று வைத்து அதில் மாட்டினோம். சோலார் தண்ணீர் அதன் வழியாகத்தான் பாலுக்குப் போகும், குறையும் சூட்டை மட்டும் பாய்லர் ஈடுகட்டும். பிறகு சோலார் டேங்கின் மேல்பக்கத்திலிருந்து சென்சார் வயரை இழுத்து, பாய்லர் கதவுக்குப் பக்கத்தில் அவர் கண் உயரத்தில் ஒரு வட்ட மீட்டர் மாட்டி, 70க்கு நேராகச் சிவப்பு பெயின்டில் கோடு போட்டோம்.

இப்போதெல்லாம் நாலேகாலுக்கு வந்ததும் மீட்டரில் டார்ச் அடிக்கிறார். முள் கோட்டுக்கு மேலே நின்றால், தீப்பெட்டியை ஜன்னலில் வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறார்.